பலகையை இறக்கு

பலகை பிளந்தது திங்கட்கிழமை. புதுப் பலகை கேட்டு மனு எழுதியது செவ்வாய்க்கிழமை. மனு வாங்குவதை நிர்வாகம் நிறுத்தியதும் அதே செவ்வாய்க்கிழமைதான். நேரம் கெட்டால் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருப்பவனையும் நாய் கடிக்கும் என்பார்கள்.

பலகை என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. லாரியின் பின்பக்கத்துக்கும் கிடங்கு வாசலுக்கும் நடுவே போடுகிற பன்னிரண்டு அடி மரம். கீழே ஆளுயரப் பள்ளம். பதினெட்டுச் சுமையாட்கள் முதுகில் ஐம்பது கிலோ மூட்டையோடு நாள் முழுக்க அதன்மேல் போய் வந்தார்கள். திங்கட்கிழமை காலை அது நீளவாக்கில் பிளந்தது. அப்போது அதன்மேல் போய்க்கொண்டிருந்தவன் நாலுமூட்டையின் மச்சான். அவன் வலது கால் பிளவுக்குள் போய், முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

நாலுமூட்டை என்பது அவன் அம்மா வைத்த பெயர் அல்ல. இருபது வயதில் ஒரே நேரத்தில் நாலு மூட்டை தூக்குவேன் என்று பந்தயம் கட்டினான். தூக்கினான். இறக்கத்தான் தெரியவில்லை. மூட்டையோடு சேர்ந்து அவனையும் நாலு பேர் இறக்கினார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

பலகை பிளந்த அன்று மாலை நாலுமூட்டையின் மனைவி சொன்னது இதுதான்.

"என் தம்பிக்கு ஒரு கால் போச்சு. மிச்சம் அவனோடது ஒண்ணு, உங்களோடது ரெண்டு. மூணு கால்லதாங்க நம்ம ரெண்டு வீடும் நிக்குது. புதுப் பலகை வராம நீங்க அதுமேல ஏறினீங்கன்னா, வீட்டு வாசப்படி ஏறாதீங்க."

வெள்ளிக்கிழமை நண்பகல் நாற்பது லாரி சிமெண்ட் வருவதாக இருந்தது. அதற்குள் பலகை வேண்டும். அவ்வளவுதான் கதை. அந்தப் பிளந்த பலகையைக் கயிறு போட்டுக் கட்டிவைத்துவிட்டு மனுவும் கையுமாக அலுவலகத்துக்குப் போனான் நாலுமூட்டை.

சொந்தமாக ஒரு பலகை கொண்டுவந்து போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். போன வருடம் ஒருவன் தன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து போட்டான். அனுமதியில்லாத பொருளைக் கிடங்குக்குள் கொண்டுவந்ததாக அவனுக்கு ஒரு குற்றக் குறிப்பாணை வந்தது. கதவு இன்னும் விசாரணையில் இருக்கிறது. அவன் வீட்டில் சேலையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அலுவலகக் கூடத்தில் மனுப்பெட்டி இருந்த இடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை நின்றது. மேலாளர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். பட்டுத் துணியில் தைத்த கறுப்பு அங்கி ஒன்றைச் சட்டைக்கு மேல் போட்டிருந்தார்.

"நீங்க மனு கொடுத்தா நாங்க படிக்கிறதில்லைன்னு இத்தனை வருஷமா குறை சொன்னீங்க. அந்தக் குறையை இன்னையோட தீர்த்துட்டோம். இனிமே மனுவே கிடையாது. விளையாட்டுதான். முன்னெல்லாம் ஒரு காகிதம் என் மேசையில ஆறு மாசம் கிடந்தா அதுக்குப் பேரு தாமதம். இப்ப அதுக்குப் பேரு மூணாவது கட்டம். முன்னெல்லாம் முடியாதுன்னு சொல்ல எனக்கே சங்கடமா இருக்கும். இனிமே நான் சொல்ல வேண்டியதில்லை, நெருப்பு வந்து சொல்லிடும்."

அலுவலர்கள் கைதட்டினார்கள். சுமையாட்களும் தட்டினார்கள். நெருப்பு என்று காதில் விழுந்ததால் இரண்டு பேர் தண்ணீர் வாளியைத் தேடினார்கள்.

விளையாட்டுப் பிரிவு என்று புதிதாக ஒரு பிரிவு. அதற்கு ஒரு அம்மா அதிகாரி. நல்ல மனுஷி, பொறுமையாக விளக்கினார். 'வீரக்களம்' என்று ஆட்டத்தின் பெயர். கிடங்கில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அதைத் திரைக்குக் கீழே இருக்கும் தட்டில் வைத்தால், சீட்டில் இருக்கும் உருவம் திரையில் குதித்து உயிர் பெறும். கையில் ஒரு கட்டை தருவார்கள். அதன் பொத்தான்களை அமுக்கினால் உருவம் ஓடும், தாவும், வெட்டும். கோரிக்கை உள்ளவர் மூன்று எதிரிகளை வெல்ல வேண்டும். யாருக்கு எவ்வளவு பலம் என்பதைச் சம்பள விகிதப்படி நிர்ணயித்திருந்தார்கள்.

மேலாளர் சீட்டின் பெயர் இருள் வேந்தன். தாக்குதல் ஒன்பதாயிரம், உயிர் கணக்கில் அடங்காது. பொறியாளர், அளவுகோல் மந்திரவாதி. சாமான் அறைக்காரர், நெருப்பு நாகம். நாலுமூட்டைக்கு வந்த சீட்டில் முதுகு வளைந்த ஒரு உருவம் நின்றது. பெயர்: சுமையாள். தாக்குதல் இரண்டு. பாதுகாப்பு ஒன்று. சிறப்புத் திறன் என்ற இடத்தில் ஒரு கோடு.

"அந்தக் கோடு என்னம்மா?" என்று கேட்டான்.

"அது ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்ப்பா."

"இல்ல, ஒண்ணும் இல்லன்னா எதுக்குக் கோடு?"

அம்மா யோசித்தார். சும்மா விட்டால் நாளைக்கு ஏதாவது எழுதிக்கொள்வீர்கள் என்று மேலாளர் அடித்துவிடச் சொன்னாராம்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தட்டில் சீட்டை வைப்பதற்கு 'இறக்குவது' என்று பெயர். சீட்டாடுகிற எல்லோரும் சொல்வதுதான். ஆனால் சுமையாட்களின் காதில் அந்தச் சொல் வேறு வழியாகப் போகும். மேஸ்திரி 'இறக்கு' என்றால் பதினெட்டு முதுகும் ஒன்றாக நிமிரும், முப்பத்தாறு கையும் ஒன்றாக நீளும். அதில் யோசனைக்கு இடம் இல்லை. யோசித்தால் மூட்டை காலில் விழும். ஒருமுறை தெருமுனைக் கூட்டத்தில் யாரோ ஒரு தலைவர் 'விலைவாசியை இறக்கு' என்று முழங்க, கேட்டுக்கொண்டிருந்த இவர்கள் பதினெட்டு பேரும் எழுந்து லாரி எங்கே என்று பார்த்தார்கள்.

புதன்கிழமை முதல் எதிரி. சாமான் அறைக்காரர் எதிர்ப்பக்கக் கட்டையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். இருபத்தேழு வருடமாகச் சாமான் கேட்டு வந்தவர்களை வெறும் வாயால் துரத்தியவருக்கு இப்போது நெருப்பும் கொடுத்திருந்தார்கள். முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

ஆட்டத்துக்கு முன் விதிப்படி கோரிக்கையைச் சொல்ல வேண்டும். நாலுமூட்டை சொன்னான். அவர் பேரேட்டைப் புரட்டினார்.

"பலகை ஒண்ணு ஏற்கெனவே உங்க பேர்ல இருக்கே."

"அது பிளந்துபோச்சு சார்."

"எத்தனையா?"

"ரெண்டா."

அவர் பேனாவை எடுத்து ஒன்று என்று இருந்ததை இரண்டு என்று திருத்தினார். "ஒண்ணு கொடுத்தோம், ரெண்டா வச்சிருக்கீங்க. வளர்ச்சிதானே. மூணாவது எதுக்கு?"

மணி அடித்தது. நாகம் திரையை அடைத்துக்கொண்டு எழுந்தது. வாயைத் திறந்தது. நாலுமூட்டை ஓடுகிற பொத்தானை அமுக்கினான். அமுக்கினான் என்று அவன் நினைத்தான். அவன் கட்டைவிரல் முப்பது வருடம் கோணியின் காதைப் பிடித்துப் பிடித்துத் தடித்த விரல். அது எந்தப் பொத்தானுக்குப் போனாலும் பக்கத்துப் பொத்தானையும் கூட்டிக்கொண்டு போகும். இரண்டு பொத்தானும் சேர்ந்து அமுங்கியதில், ஆட்டத்தை உருவாக்கியவர்களே மறந்துபோன ஏதோ ஒன்று நடந்தது. சுமையாள் குனிந்தான்.

குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது உலக வழக்கு. இங்கே நாகத்தின் நெருப்பு குனிந்தவனின் முதுகுக்கு மேலே போய், பின்னால் இருந்த மலையைச் சுட்டது. நாகம் மறுபடி ஊதியது. சுமையாள் மறுபடி குனிந்தான். நாகத்தின் நெருப்பு, இருந்தவரை எல்லாம் உயரத்திலேயே போனது. தன் கால்மட்டத்தில் ஒரு ஆள் இருப்பான் என்று அதற்குச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. அரைமணி நேரத்தில் நெருப்பு தீர்ந்து, நாகம் இருமிக்கொண்டே கீழே உட்கார்ந்தது. வால் மட்டும் சுமையாளின் கைக்கு எட்டியது. அவன் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பழக்கதோஷம்.

கூடத்தில் சுமையாட்கள் போட்ட கூச்சலில் மேலாளர் அறைக்கதவு திறந்து மூடியது.

வியாழக்கிழமை மந்திரவாதி. பொறியாளர் சண்டை போடவில்லை, கேள்வி கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் ஒரு மின்னலாகத் திரையில் இறங்கியது. பலகை எதற்கு. நடக்க. எதற்கு நடக்க வேண்டும். மூட்டை தூக்க. மூட்டையை ஏன் தூக்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வி நாலுமூட்டைக்குப் புதிதல்ல. சின்ன வயதிலிருந்து அவனே அவ்வப்போது கேட்டுக்கொள்வதுதான். சுமையாளின் உயிர்க்கோடு தேய்ந்து தேய்ந்து ஒரு நூல் அளவுக்கு வந்தபோது, மணி ஒன்று அடித்தது. பொறியாளர் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மந்திரவாதி தூக்கிய கோலோடு அப்படியே நின்றான்.

சாப்பாட்டு நேரத்தில் ஆட்டம் நிற்க வேண்டும் என்று விதியில் எழுதவில்லை. அந்த நேரத்தில் யாராவது வேலை செய்வார்கள் என்று எழுதியவருக்குத் தோன்றாததுதான் காரணம். நாலுமூட்டைக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, லாரி இல்லாத நேரம்தான் அவனுக்குச் சாப்பாட்டு நேரம். அவன் அடித்துக்கொண்டே இருந்தான். ஒரு அடிக்கு இரண்டு புள்ளி. மந்திரவாதியின் உயிர் இரண்டாயிரத்து நானூறு. மேஸ்திரி பின்னால் நின்று மூட்டை எண்ணுகிற ராகத்தில் எண்ணினார். நிமிடத்துக்கு இருபது அடி, கூடாமல் குறையாமல். ஒரு மணி நேரத்தில் ஆயிரத்து இருநூறு. பொறியாளர் பல் குத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது மந்திரவாதி தரையில் கிடந்தான், அவன் தொப்பி சுமையாளின் தலையில் சும்மாடாக இருந்தது.

திரையில் பூமாரி பொழிந்தது. 'கோரிக்கை நிறைவேறியது' என்று எழுத்து வந்தது. அம்மா அதிகாரி எழுந்து வந்து, பலகையை நாலுமூட்டையின் கையில் கொடுத்தார்.

அது ஒரு சீட்டு. ஓரமெல்லாம் பொன்முலாம். நடுவில் அருமையான பலகை ஒன்றின் படம். பெயர்: பொற்பலகை, அரிய வகை. தாக்குதல் பூஜ்யம்.

மேஸ்திரி அதை வாங்கிக்கொண்டு போய் லாரிக்கும் வாசலுக்கும் நடுவே காற்றில் பிடித்துப் பார்த்தார். "பதினொண்ணே முக்கால் அடி குறையுது" என்றார்.

நாலுமூட்டை திரும்பிப் போய்க் கேட்டான். அம்மா சங்கடப்பட்டார். சீட்டு வந்துவிட்டதால் பலகை வந்ததாகத்தான் கணக்கு. ஆனால் அது செல்லுபடியாக வேண்டுமென்றால் இறுதிக் களத்தில், மூன்றாவது எதிரியான வேந்தர் முன்னால் இறக்க வேண்டும். நாளை காலை பத்து மணிக்குக் கிடங்கு முற்றத்தில்.

"நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு லாரி வந்துடும்மா."

"அப்ப பதினொன்றரைக்குள்ள ஜெயிச்சிடுப்பா" என்றார் அம்மா. கேலியாகச் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் கேலியாகச் சொல்வதில்லை.

அன்று பிற்பகலில் ஒரு வண்டி வந்தது. இறுதிக் களத்துக்கு வேண்டிய சாமான்கள். வேந்தருக்கு ஒரு சிம்மாசனம், அதைத் தூக்கிவைக்கும் மேடைக்கு நாலு இரும்புக் கால், கால்களின்மேல் பரப்ப ஆறு பலகை. நல்ல வைரம் பாய்ந்த மரம், பன்னிரண்டு அடி நீளம், மூன்று விரல் கனம். அவசரம் என்று காலையில் எழுதி மதியமே வந்துவிட்டதாம். எந்த நாகமும் ஊதவில்லை. கயிறு கட்டிய பிளந்த பலகையின் மேல் கால்விரலால் நடந்து, அந்த ஆறு புதுப் பலகையையும் சுமையாட்கள் இறக்கி வைத்தார்கள். மனைவி சொன்னதை நினைத்து நாலுமூட்டை பலகையில் ஏறாமல் வாசலில் நின்று வாங்கி வைத்தான். மேஸ்திரி ஒரு பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, பசிக்காரன் கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோலச் சிறிது நேரம் நின்றார்.

வீட்டில் மனைவி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நாளைக்கு இதுமேலதான் ஏறி நடப்பீங்களா?"

கால்கட்டோடு மூலையில் கிடந்த மச்சான் சிரித்தான். "மாமா நடப்பாரு, அக்கா. கனவுல நடக்கிறவருதானே." நாலுமூட்டையும் சிரித்துப் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் திரையை நிறுத்தியிருந்தார்கள். மேலாளர் அங்கியோடு மேடையேறிச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பேசினார்.

"இந்தப் பதவி எனக்கு எப்படி வந்ததுன்னு பல பேர் கேக்கிறீங்க. எனக்கும் தெரியாது. ஆனா வந்ததுக்கப்புறம் உக்காந்த இடத்தை விட்டு நான் அசைஞ்சதில்லை. அதுதான் நிர்வாகம். கீழ இருக்கிறவங்க ஓடணும், மேல இருக்கிறவங்க உறுதியா இருக்கணும். என்னைக் கீழ இறக்க ஒரு சீட்டு இன்னும் அச்சாகலை."

ஆட்டம் தொடங்கியது. இருள் வேந்தன் மூச்சுவிட்டாலே மூன்று கிராமம் எரிந்தது. நாலுமூட்டை குனிந்தான். வேந்தனுக்குக் கால்மட்டமும் தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மிதித்துத்தான் மேலே வந்தவனாம். ஜெயித்ததற்குப் பரிசாக வந்த ஐந்து சீட்டில் முதலில் நாகத்தின் வாலை நாலுமூட்டை இறக்கினான். மேலாளர் 'பரிசீலனையில்' என்ற சீட்டை இறக்கினார். வால் அசையாமல் நின்றது. எத்தனை நாளுக்கு என்று விதியில் இல்லை. மந்திரவாதியின் தொப்பியை இறக்கினான். மேலாளர் 'மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது' என்பதை இறக்கினார். தொப்பி வானத்தில் பறந்து போனது, திரும்பவில்லை. அடுத்த இரண்டும் 'கோப்பு காணவில்லை' என்ற ஒரே சீட்டில் போயின. மணி பதினொன்று இருபது. சாலை முனையில் முதல் லாரியின் ஒலிப்பான் கேட்டது.

கையில் பொற்பலகை ஒன்றுதான் மிச்சம். தாக்குதல் பூஜ்யம்.

நாலுமூட்டை அதைத் தட்டில் வைத்தான். அலுவலர்கள் வரிசையில் சிரிப்பு எழுந்தது. சீட்டில் இருந்ததை ஒலிபெருக்கியில் வாசிப்பது அம்மா அதிகாரியின் வேலை. அவர் வாசித்தார்.

"சுமையாள், வேந்தர் களத்தில்... பலகையை... இறக்கு."

சரியாகச் சொன்னால் 'இறக்குகிறார்' என்று முடித்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்து வாலை விழுங்கிவிட்டது. முற்றம் முழுக்க ஒரே ஒரு சொல்தான் எதிரொலித்தது.

பதினெட்டில் மச்சான் போகப் பதினேழு முதுகு நிமிர்ந்தது. நாலுமூட்டையும் கட்டையைக் கீழே போட்டான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆறு பேர் மேடைக்கு இந்தப் பக்கம், ஆறு பேர் அந்தப் பக்கம். பலகையின் மேல் ஏதோ பாரம் இருப்பதைக் கை உணர்ந்ததும், பாரத்தை முதலில் இறக்குவது என்ற தொழில் முறைப்படி, நாலு பேர் சிம்மாசனத்தின் நாலு காலையும் பிடித்தார்கள்.

"உடையிற சாமான்" என்றார் மேஸ்திரி. "மேல்பக்கம் மேலயே இருக்கட்டும்."

மேலாளர் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தரைக்கு வந்தார். அப்படி ஒரு பூப்போன்ற இறக்கத்தை எந்தக் கண்ணாடிப் பெட்டியும் கண்டதில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. அதற்குள் நடுப்பலகை நாலு தோளில் ஏறி முற்றத்தைக் கடந்து, வாசலுக்கும் அப்போதுதான் வந்து நின்ற முதல் லாரிக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டது. மேஸ்திரி அதன்மேல் ஏறி இரண்டு குதி குதித்துப் பார்த்தார். பலகை 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை.

"இது விதிமீறல்" என்றார் மேலாளர், தரையிலிருந்து.

அம்மா அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பொறுமையாகத்தான் புரட்டினார். "இல்லைங்க ஐயா. சீட்டு முறைப்படி ஜெயிச்சது. களத்துல முறைப்படி இறக்கியிருக்காங்க. இறக்கின சீட்டைத் திரும்ப எடுக்க முடியாதுன்னு பதினாலாவது விதி. நீங்கதான் எழுதினீங்க. பச்சை மையில இருக்கு."

அதற்குமேல் யாருக்கும் பேச நேரமில்லை, மற்ற லாரிகளும் வந்துவிட்டன. நாற்பது லாரியும் இருட்டுவதற்குள் காலியானது. கால் ஒன்றும் குறையாமல் நாலுமூட்டை வீட்டு வாசற்படி ஏறினான்.

பழைய பலகையை அவர்கள் தூக்கி எறியவில்லை. கிடங்கின் சொத்து கிடங்கில் இருக்க வேண்டும் அல்லவா. கயிற்றோடு அப்படியே கொண்டுபோய் மேடையின் நடுவில், இடைவெளி இருந்த இடத்தில் வைத்தார்கள். சிம்மாசனம் நிற்கிற இடம் அதுதான்.

மறுமாதம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. மேலாளர் மேடையேறி ஒரு காலை அந்தப் பலகையில் வைத்தார். அது ஒரு முனகல் முனகியது. காலை எடுத்துவிட்டார். சாமான் அறைக்குச் சொல்லி அனுப்பினார். சாமான் அறைக்காரர் பேரேட்டைப் புரட்டிவிட்டு, மேடைக்கு ஆறு பலகை கொடுத்தோம், இப்போது ஏழாக இருக்கிறது என்று பதில் அனுப்பினார். அவருக்கும் நெருப்பு மறுபடி நிரம்பியிருந்தது.

அன்றிலிருந்து மேலாளர் புதுப் பலகை கேட்டு, கையில் கட்டையோடு தினமும் கூடத்தில் நின்றார். இருள் வேந்தன் மூன்று நாளாக முதல் கட்டத்திலேயே கருகிக்கொண்டிருந்தான். உயரமான உருவம், நாகத்தின் வாய்க்கு நேராக நிற்கும். வேந்தர் சீட்டில் குனிவதற்கு வழியே வைக்கவில்லை. நாலாம் நாள் அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூடத்தின் வழியாகப் போய்க்கொண்டிருந்த நாலுமூட்டையைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, இந்த முதல் கட்டத்தை எப்படித் தாண்டினே?"

நாலுமூட்டை தன் சட்டைப்பையிலிருந்து சுமையாள் சீட்டை எடுத்துத் தட்டில் இறக்கினான். திரையில் முதுகு வளைந்த உருவம் வந்து நின்றது. மேலாளரின் மெல்லிய விரல் ஒரு நேரத்தில் ஒரு பொத்தானைத்தான் தொட்டது. நாகம் வாயைத் திறந்தது.

நாலுமூட்டை அந்த விரலின் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

"குனிங்க ஐயா" என்றான். "இன்னும் கொஞ்சம். பழகிடும்."